நாலில் மூன்று பங்கு

இபாடான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மழைச்சாரல் அடிக்கிறது. மோரெனிகே மடியில் கிடக்கும் இரண்டாவது குழந்தையின் குதிகாலில், ரத்தம் எடுத்த இடத்தில், பஞ்சு ஒட்டியிருக்கிறது. மூத்தவளுக்கு ஒன்றுமில்லை, இவனுக்குப் பெற்றோர் வழியாக வரும் அரிவாள் செல் ரத்தநோய் என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. நோய் இல்லாமலே கணவன் மனைவி இருவர் ரத்தத்திலும் அதன் கூறு இருந்ததால், கல்யாணத்துக்கு முன் இவர்களுக்கு ஆலோசனை சொன்ன நர்ஸ் அபோசெடே எதிரில் நிற்கிறாள். “நாலுல மூணு பங்கு நல்லபடியாப் பொறக்கும்னீங்களே, சிஸ்டர்?” என்கிறான் கணவன் ஒலுஜிமி. குரலில் கோபமே இல்லை. “அது ஒரு பிள்ளைக்கு. ரெண்டு பெத்தா, ரெண்டுமே தப்பிக்கிறது பாதிக்குக் கொஞ்சம்தான் மேல. மிச்சமெல்லாம் ஒண்ணுக்காவது வர்ற வாய்ப்பு.” “அப்பவே தெரியுமா?” “தெரியும். பயந்துடுவீங்கன்னு சொல்லல.” அபோசெடேயின் விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகுகின்றன. மோரெனிகே நிமிராமலே சொல்கிறாள்: “சொல்லியிருந்தாலும் பெத்திருப்போம். தெரிஞ்சு பெத்திருப்போம்.” பிறகு நகர்ந்து, பெஞ்சில் இடம் விடுகிறாள். “உக்காருங்க சிஸ்டர், நனையுறீங்க.” அபோசெடேக்கு உட்காரக் கூசுகிறது.