மில் மரத்தில் மச்சான்

ராஜபாளையத்து மில் வாசலில் மனைவி முத்தாத்தாளோடு நின்று தவசிமுத்து அண்ணாந்து பார்க்கிறான். உள்ளே தூங்குமூஞ்சி மரத்தில் அவளுடைய அண்ணன் இருளப்பசாமி கிளை கழிக்கிறான். தலையில் மஞ்சள் ஹெல்மெட்; இடுப்பு பெல்ட்டின் கொக்கி வெயிலில் மின்னுகிறது. பாதுகாப்பாக மரம் ஏறும் சோதனையில் தேறிய மரவெட்டிகளுக்குத்தான் மில்லில் வேலை. "இடுப்புல கயிறு கட்டி ஏற நான் என்ன கொரங்கா?" என்று சோதனைக்கே போகாத மரவெட்டி தவசிமுத்து. இப்போது அந்த மஞ்சள் அவன் கண்ணை உறுத்துகிறது. திடீரென்று மச்சானின் கால் வழுக்குகிறது. விழட்டும் என்கிறது தவசிமுத்துவின் மனம். பெல்ட் இழுத்துப் பிடிக்க, இருளப்பசாமி அந்தரத்தில் ஆடியபடி சிரிக்கிறான். முத்தாத்தாள் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறாள். "எங்கண்ணன் பொழச்சிட்டாரு! நாளைக்கே நீங்களும் போயி அந்த பெல்ட்டக் கட்டுங்க. எனக்கு நீங்க வேணும்." தவசிமுத்துவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.