பதினோராம் நாள் மண்

சரிந்து கிடந்த மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. வீரய்யா ஓரடி பின்வாங்கினார்.

கெப்டன் விதானகே குனிந்து அதைப் பிடித்து இழுத்தார். வந்தது வெறும் கையுறை, பெருவிரல் கிழிந்த பச்சைக் கையுறை. வீரய்யா இன்னும் ஓரடி பின்வாங்கினார்.

பெரகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ரோடு வளைகிற முடக்கில், மழைக்குச் சரிந்த மண்ணை அள்ள ஆமி வந்து இன்றோடு பதினொரு நாள். இருபது பேருக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனம்தான் காலையில் பிளேன்டீ, மத்தியானம் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுப்பது. நனைந்த சப்பாத்துகளை அடுப்போரம் காயவைத்துக் கொடுப்பது வீரய்யாவின் மனைவி விஜயலெட்சுமி.

மூன்றாம் நாள், அவர்கள் மகள் சிவசக்தியின் நிறைமாத வயிறு கெப்டன் கண்ணில் பட்டது. போன பிரசவத்துக்கு அவளை நாற்காலியில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்கு இறங்கினார்கள் என்று யாரோ சொன்னார்கள். அன்று பின்னேரமே கெப்டன் நாலு பேரை அனுப்பி, லயத்துப் பாதையின் குழிகளில் கல்லும் கிரவலும் கொட்டி இறுக்கும் வேலையைத் தொடங்கினார்.

இன்னும் இருநூறு யார் நீளப் பாதை பாக்கி. ஆனால் முடக்கில் மண் தீர்ந்த அன்றே அடுத்த வேலைக்குக் கொஸ்லந்தைக்குப் போய்விட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

மண்தான் தீரவில்லை. மழை விட்டு ஒரு வாரமாகியும் விடிந்து பார்த்தால் புதிதாகச் சரிந்து கிடக்கும். பஸ் போகிற பக்கத்தை மட்டும் தொடாது. மரியாதை தெரிந்த மண்.

பாவம், ஆமிக்காரப் பிள்ளைகளும் களைத்துத்தான் போனார்கள். தினமும் எட்டு மம்பட்டியை லயத்து வாசலிலேயே மறந்துவிட்டுப் போவார்கள். விஜயலெட்சுமி காலையில் அவற்றைக் கழுவி, வரிசையாகச் சாத்தி வைப்பாள்.

"வீரய்யா, இந்தக் கையுறை செவ்வாய்க்கிழமை தொலைஞ்சது" என்றார் கெப்டன். சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசும் தமிழ். எதைச் சொன்னாலும் விசாரணை மாதிரியே இருக்கும். "அள்ளின மண்ணோட அந்தப் பள்ளத்துக்குப் போனது. இப்ப எப்படி ரோட்டுக்கு வந்தது?"

வீரய்யா பள்ளத்தைப் பார்த்தார். அது இருபதடி கீழே கிடந்தது.

"மண்ணோட சேந்து சரிஞ்சிருக்கும்ங்க சார்."

"கீழேயிருந்து மேலேயா?"

"எங்க தோட்டத்து மண்ணு கொஞ்சம் அப்படித்தாங்க."

பின்னால் நின்ற சிப்பாய் ஒருவனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

சோற்றுக் கூடையோடு வந்த விஜயலெட்சுமி அதைத் தொப்பென்று இறக்கினாள். "போதும் நிப்பாட்டுங்க, பொய் சொல்லக்கூட வராது உங்களுக்கு! சார், பள்ளத்து மண்ணக் கொழுந்துக் கூடையில அள்ளி மேல கொட்டுனது நாங்கதாங்க. லயமே சேந்துதான். இவர ஒண்ணும் செஞ்சுறாதீங்க, இவரு தூக்குனது ரெண்டே கூடை. அதுலயும் ஒண்ணு கவுந்திருச்சு."

"அடியே!"

"எம் புள்ளைக்கு வலி வர்றதுக்குள்ள பாதை வந்து சேந்துரணும் சார். அதுக்குத்தான்."

கெப்டன் காலால் அடி வைத்து மண் குவியலை அளந்தார். லயத்துப் பக்கம் திரும்பி, மிச்சமிருந்த இருநூறு யார் பாதையை நெடுநேரம் பார்த்தார். திரும்பியபோது முகம் இன்னும் இறுகியிருந்தது.

பொலிஸ்தான் என்று முடிவு கட்டிவிட்ட வீரய்யா, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

கெப்டன் கையுறையை அவர் கையில் வைத்து அழுத்தினார்.

"எட்டு காணாது, வீரய்யா. இன்னைக்குப் பதினஞ்சு மம்பட்டி மறந்துட்டுப் போறோம்."