ஊதாவாகத் திரும்பிய ஒளி

முப்பத்தொரு வருடம் நான் ஓட்டிய வெற்றிடப் பம்பின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை.

என்னோடு இருந்த ஆய்வு மாணவி தும்மினாள்.

இடுக்கி முனையில் இருந்த தங்கத் தகடு இல்லாமல் போயிற்று.

ஒரு தலைமுடியை நூறாகப் பிளந்தால் அதில் ஒரு பங்குதான் அதன் தடிமன். அது கடைசித் தகடு. அவளுக்கு ஒதுக்கிய பன்னிரண்டு நாளில் அது கடைசி நாள். மறுநாள் காலை லேசர் வேறொரு குழுவுக்குப் போய்விடும். அடுத்த முறை வரிசை வரப் பதினான்கு மாதம். ஆய்வை முடிக்க அவளிடம் மிச்சம் இருந்தது மூன்று மாதம்.

அவள் அழவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியது கொஞ்சம் ஊதா வெளிச்சம், அவ்வளவுதான்.

லேசர் சிவப்பு. ஒரே துடிப்பாக அது தகட்டில் விழுந்ததும் மேற்பரப்பு பிளாஸ்மா ஆகிவிடும். அணுக்களை விட்டு எலக்ட்ரான்கள் கழன்றுகொண்டு நெரியும். அந்த நெரிசலுக்குள் ஒளி நுழைய முடியாது. முட்டித் திரும்பும். திரும்பும்போது ஊதாவாகத் திரும்ப வேண்டும் என்பது அவள் கணிப்பு.

பதினோரு நாளாகத் திரும்பவில்லை.

காரணம் ஒரு குட்டித் துடிப்பு. பெரிய துடிப்புக்குச் சற்று முன்னால், யாரும் கூப்பிடாமல், அது ஓடி வரும். தகட்டைத் தொட்டுப் புகையாக்கிவிடும். பின்னால் வரும் பெரியது அந்தப் புகையிலேயே புதைந்துபோகும்.

ஸ்டோர்ஸ் பாக்கியநாதனிடம் போய்த் தகடு கேட்டோம். வரவழைக்க ஆறு வாரம் ஆகும் என்றார். அதே மூச்சில், பேத்தி பிறந்திருக்கிறாள் என்று முந்திரிக் கேக் டப்பாவை நீட்டினார்.

கேக்கின் மேல் வெள்ளித் தாள்.

ஈரத் தூரிகையால் அதை உரித்துத் தகடு மாட்டும் சட்டத்தில் ஒட்டினேன். கேக்கை வீணாக்கவில்லை.

மிச்சம் இருந்தது குட்டித் துடிப்பின் தொல்லை.

தகட்டை வைத்துச் சுடும் வெற்றிடக் கலத்துக்குள் காற்றே கிடையாது. ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன்.

“அண்ணாச்சி, கைய எடுத்துக்கிடுங்க. சுட்டுரும்,” என்றாள்.

எடுக்கத்தான் போகிறேன், நீ பொத்தானை அழுத்து என்றேன்.

குட்டித் துடிப்பு வந்தது. உள்ளங்கையால் மறித்தேன். கடுகு தெறித்த மாதிரி ஒரு சூடு. அந்தப் புள்ளி இன்னும் இருக்கிறது. எண்ணெய் பட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பெரியது வருவதற்கு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் இருந்தது. பதறாமல் கையை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளி கலையாமல் பளபளவென்று இருந்தது. பெரியது வந்து முட்டியது. ஒரு கணம் யோசித்தது. திரும்பியது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியாது என்பார்கள். ஒருமுறை இமைக்கும் நேரத்துக்குள் அதுபோல் பத்து லட்சம் கோடித் துடிப்புகளை வரிசையாக அடுக்கிவிடலாமாம்.

நான் இமைக்கவில்லை.

ஊதா.

கத்தரிப்பூ நிறம். கலத்தின் உள்சுவரில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் விழுந்தது. கண்ணாடிச் சன்னல் வழியாக அவள் கன்னத்திலும் கொஞ்சம்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக வீட்டுக்குப் போன் போட்டாள். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டிருக்க வேண்டும்.

சாப்பிட்டேன் என்றாள்.

அன்றைய பதிவேட்டில் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: குளிர்நீர் இயந்திரம் பழுது, இன்று லேசர் இயக்கப்படவில்லை.