அடைத்த சந்துகள்

“கிளப்ல சம்பளம் வாங்குறவன் ஒருத்தன்கூட நம்ம ரசிகர் சங்கத்துல கிடையாது. யாருக்கும் பயப்படாம எழுதுங்க” என்றார் தலைவர்.

செயலாளர் கிளப்புக்குப் புகார்க் கடிதம் எழுதினார். கால்பந்து மைதானத்தில் ரசிகர்கள் உட்காரும் பக்கத்துக் கூரை மூன்று வருடமாக ஒழுகுகிறது. அவர் தலையும்தான் நனைந்தது. கிளப் சொல்லக்கூடிய ஒவ்வொரு சாக்குக்கும் முன்கூட்டியே பதில் வைத்தார்.

“அவங்க மனசுல இருக்கறத எப்படிங்க இப்படிப் புட்டுப் புட்டு வைக்கிறீங்க?”

செயலாளர் சிரித்து மழுப்பினார்.

மறுநாள் கிளப் அலுவலகத்தில், குமாஸ்தாவின் மேஜையில் அந்தக் கடிதத்தை வீசினார் மேலாளர்.

“பாவி, தப்பிக்க ஒரு சந்துகூட விடல! வழக்கம்போல நீங்களே ஏதாவது சாக்கு கண்டுபிடிச்சுப் பதில் எழுதிடுங்க.”

நேற்றுத் தன் கையாலேயே அடைத்த சந்துகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டு, “சரிங்க சார்” என்றார் சங்கச் செயலாளர்.