அவள் கைக்கு எட்டுகிற தட்டு

தச்சர் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு இறங்குகிறார். ஜன்னலோரம் சாய்வு நாற்காலி, அதன் தலைமாட்டில் மஞ்சள் விளக்கு, சுவர் முழுக்க வார்னிஷ் மணக்கிற புத்தக அலமாரி. எல்லாம் வீட்டுக்காரரின் மனைவி தாளில் வரைந்து கொடுத்தபடியே. சாயங்கால வெயில் வெறும் தட்டுகளில் சாய்ந்து கிடக்கிறது. மேல்தட்டுக்கு மட்டும் தச்சர் டேப் பிடிப்பதில்லை. படிக்கிறவரைக் கை தூக்கி நிற்கச் சொல்லி, விரல்நுனி தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு கிழிப்பார். மூன்று மாதத்துக்கு முன் அவள் குதிகாலை உயர்த்தி ஏய்க்கப் பார்த்து, மாட்டிக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கண்ணை மூடி இன்றோடு இருபது நாள் ஆகிறது. தச்சர் போன் செய்தபோது அதைச் சொல்லத்தான் வீட்டுக்காரர் வாயெடுத்தார். "வாங்க, மாட்டிடலாம்" என்றுதான் வந்தது.

"அக்காவக் கூப்பிடுங்க சார். எட்டுதான்னு பாத்துட்டா என் வேலை முடிஞ்சுது."

"நான் பாக்கறேனே."

"நல்லா பாத்தீங்க! உங்க கைக்குக் கூரையே எட்டும். இது அக்காவுக்குன்னு போட்ட தட்டு." தச்சர் உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறார். "அக்கா!" காலி அலமாரி அந்தக் குரலை ஒருமுறை திருப்பிச் சொல்கிறது.

வீட்டுக்காரர் அலமாரியை ஒட்டி நிற்கிறார். அவள் உச்சந்தலை தன் தோளுக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும். அந்த உயரத்துக்கு வரும்வரை முழங்காலை மெல்ல மடக்கித் தாழ்கிறார். அங்கிருந்து கையைத் தூக்குகிறார். விரல்நுனி தட்டின் விளிம்பைத் தொடுகிறது. தச்சரின் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது.

"எட்டுது" என்கிறார் வீட்டுக்காரர், நிமிராமலே.