பத்தாம் இலக்கம்

உதைபந்தாட்ட லீக்கின் இறுதிப்போட்டி நடக்கிறது. இந்தப் பருவத்தின் பதினொரு ஆட்டங்களிலும் விசுவமடு அணிக்காக ஓடிய நவ்பர், எல்லைக் கோட்டுக்கு வெளியே வெறும் பெனியனோடு குந்தியிருக்கிறான். அவனுடைய பத்தாம் இலக்க ஜேர்சி, காலையில் வாகனத்தில் வந்திறங்கிய வெளியூர்க்காரனின் முதுகில் ஓடுகிறது. "கோவிக்காதை தம்பி. லீக்கிலை பேர் பதிஞ்ச ஆக்கள்தான் இறங்கலாம். அவன்ரை பேர் பதியேல்லை. அவன் உன்ரை பேரிலை விளையாடட்டும்" என்று மனேஜர் யோகநாதன் முகம் பாராமல் சொல்லிவிட்டுப் போகிறார். மஞ்சள் வெயிலில் புழுதி எழும்ப, பந்து வலைக்குள் பாய்கிறது. "கோல் அடித்தவர் நவ்பர்!" என்று ஒலிபெருக்கி அலறுகிறது. உண்மை தெரிந்த ஊரும் எழும்பிக் கூவுகிறது. அவனுடைய போன் அடிக்கிறது. மைதானத்துக்குப் பின்னாலுள்ள வீட்டிலிருந்து மகள் ஷிபா கேட்கிறாள்: "வாப்பா, மைக்கில உங்கட பேர் சொல்றாங்க. நீங்களா அடிச்சது?" மடியிலிருக்கும் பூட்சில் அப்பிய போன கிழமை மண்ணை நகத்தால் கிள்ளியபடி, "ஓம் மகள்" என்கிறான்.