சாம்பல் தட்டுக்குப் பின்னால்

சுவரில் ஏழு இடங்களில் மட்டும் வண்ணம் மங்காமல் இருந்தது. ஏழும் நீள்சதுரம், ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் ஆணி. ஹார்லன் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றுவதற்குள் அதைப் பார்த்துவிட்டார்.

வீட்டைக் கொளுத்திக் காப்பீட்டுப் பணம் பார்க்க நினைக்கிறவர்கள் முதலில் பத்திரப்படுத்துவது குடும்பப் படங்களைத்தான். இருபத்திரண்டு வருடமாக வெர்மான்ட் மலை வீடுகளில் கணப்பு அடுப்பு பழுதுபார்த்ததில் ஹார்லன் கற்றுக்கொண்டது இது. சந்தேகப்பட மட்டும் அவர் எங்கேயும் கற்க வேண்டியிருக்கவில்லை, அது பிறவிக் குணம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டுவைட், லோர்னா தம்பதியின் அடுப்பு கட்டுக்கடங்காமல் சூடேறிப் பின்சுவர் கருகிவிட்டது. தீயணைப்பு வண்டி வந்துதான் அடக்கியது. புகையைக்கூட விடாமல் எரித்துச் சூடாக்கும் வினையூக்கி வைத்த அடுப்பு, வேண்டாத காற்று கொஞ்சம் உள்ளே புகுந்தாலும் வெறி பிடித்துவிடும்.

விபத்தா, வேண்டுமென்றே செய்ததா என்று எழுதித் தரச் சொல்லிக் காப்பீட்டுக் கம்பெனி ஹார்லனை அனுப்பியிருந்தது. 'வேண்டுமென்றே' என்று அவர் எழுதிவிட்டால் காப்பீடு ரத்து, வழக்கு, கடைசியில் வீடும் கையை விட்டுப் போகும். அந்த வட்டாரத்தில் இப்படிச் சோதித்து எழுதித் தரத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

அடுப்பு மூன்று நாளாக அணைந்து கிடந்தது. பிப்ரவரிக் குளிரில் புருஷனும் பெண்டாட்டியும் கோட்டைக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"போன தடவை பார்த்த நாயைக் காணோமே?" என்று கேட்டார் ஹார்லன்.

"என் தங்கச்சி வீட்ல விட்டிருக்கு" என்றாள் லோர்னா.

"சுவத்துல இருந்த படமெல்லாம்?"

"அதுவும் அங்கதான். மூணு வாரமாச்சு."

தீப்பிடித்து மூன்று நாள், படம் போய் மூன்று வாரம். சரிதான் என்று ஹார்லன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வரும்போது கொட்டகையில் 'வீடு விற்பனைக்கு' என்ற போன வருடத்துப் பலகை கிடந்ததும் நினைவுக்கு வந்தது.

வேலையைத் தொடங்கினார். வினையூக்கித் தட்டு தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, விரிசல் இல்லாமல் இருந்தது. காற்றைக் கூட்டிக் குறைக்கிற மூடியும் ஒழுங்காகவே அசைந்தது. ஓரத்துக் கரியைச் சுரண்ட லோர்னாவிடம் வெண்ணெய் தடவும் கத்தி ஒன்று கேட்டார்.

கத்தி எதற்கு என்று டுவைட் கேட்டதும் ஹார்லன் பொருமித் தீர்த்தார். முழுக்க எஃகில் நல்ல சுரண்டி ஒன்று வைத்திருந்தாராம், இலை உதிர்கிற சமயத்தில் காணாமல் போனதாம். கூட வேலை பார்த்த ராஸ்கோதான் அமுக்கியிருக்க வேண்டும், அன்றிலிருந்து அவனோடு பேச்சே இல்லை.

"எல்லா சாமான்லயும் பேரைக் குத்தி வச்சிருக்கேண்ணே. அப்படியும் களவு போகுதுன்னா யாரைத்தான் நம்பறது?"

"எங்க கத்தியைத் திருப்பிக் குடுத்துருப்பா" என்றார் டுவைட்.

ஹார்லன் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து அடுப்பின் பெரிய கதவு இடுக்கில் வைத்து மூடி இழுத்தார். நோட்டு அசையவில்லை, கதவு இறுக்கமாக இருந்தது. கீழே சாம்பல் அள்ளும் சின்னக் கதவில் வைத்து இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"காத்து புகாம அடைக்கிற இந்தக் கதவு ஓரத்துக் கயிறு அக்டோபர்ல நானே என் கையால மாத்தினது. இதுல எப்படிக் காத்து போகும்?"

அதற்கப்புறம் வைத்த முதல் நெருப்பிலிருந்தே அடுப்பு இப்படித்தான் காய்கிறது என்றார் டுவைட். இரண்டு தடவை ஹார்லனின் ஆபீசுக்குப் போன் செய்தாராம், விறகைக் குறைத்துப் போடச் சொல்லி வைத்துவிட்டார்களாம். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் முன்பே போன் செய்தோம் என்றுதான் சொல்வார்கள் என்று ஹார்லனுக்குத் தெரியும்.

சாம்பல் தட்டை வெளியே இழுத்துவிட்டு உள்ளே கையை விட்டார். ஆழத்தில், தட்டு போய் முட்டுகிற இடத்தில், நீளமாக ஓர் இரும்பு விரலில் பட்டது. அது கிடப்பதால் தட்டு முழுசாக உள்ளே போகாது. தட்டு போகாவிட்டால் கதவும் சேராது, இடுக்கு வழியே காற்று போய்க்கொண்டே இருக்கும்.

அதை வெளியே எடுக்கக்கூட இல்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, படிவத்தை மேசையில் வைத்து 'வேண்டுமென்றே' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

எழுதியதைப் படித்ததும் லோர்னா படிவத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எங்க வீட்டை நாங்க ஏன் கொளுத்தணும்? குளிர் ஏறி விறகு கூடினதுலேருந்து மூணு வாரமா முறை வச்சு இது பக்கத்துல முழிச்சிருக்கோம். எங்களுக்கு என்ன ஆனாலும் படமும் நாயுமாவது மிஞ்சட்டும்னுதான் அங்க கொண்டு வச்சோம்."

"நல்லாத்தான் பேசறீங்க" என்று ஹார்லன் மறுபடி குனிந்தார். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி, சாம்பல் அப்பிய இரும்பை இழுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் டுவைட்டின் காலடியில் போட்டார்.

"இது தானா நடந்து உள்ள போச்சா? வச்ச கை யாருதுன்னு இப்பவாவது சொல்லுங்க."

டுவைட் அதை எடுத்துக் கோட்டுக் கையால் துடைத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"இதுல உன் பேருதானே குத்தியிருக்கு, ஹார்லன்."